பிரபு வண்டியை எடுத்தால் மழை

“நான் போகவே கூடாதுன்னு நீ—”

“யாரு சொன்னா கூடாதுன்னு? திங்கக்கிழம போங்கன்னு—”

“—நேராச் சொல்ல மாட்ட. பாவு கெடக்கு, கஞ்சி கெடக்குன்னு சுத்தி வளச்சு—”

“கெடக்கத்தான செய்யுது! கண்ணத் தொறந்து தெருவப் பாருங்க—”

“நான் வானத்தப் பாக்குறேன் நாகு. இது வசந்தம். ரைடர்ஸ் எல்லாம் இப்பத்தான் கெளம்புவாங்க.”

“வசந்தமா? நம்மூர்ல ஏதுங்க வசந்தம்? வெயிலு, அது முடிஞ்சாப் பெரிய வெயிலு. நடுவுல ஒரு மழ வந்து நம்ம பாவ நனச்சுட்டுப் போகும். அம்புட்டுத்தான்.”

“இதான். இந்தப் பேச்சுத்தான். உன்னக் கட்டாம இருந்திருந்தா நான் இந்நேரம் லடாக்க மூணு தடவ பாத்திருப்பேன்.”

பக்கத்து வீட்டு நாகஜோதி வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிற சத்தம் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்த என் கை தானாக நின்றுவிட்டது.

அவள் கணவன் பிரபுவின் அந்தக் கடைசி வாக்கியம் சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். சாம்பாரில் உப்புக் கூடினால் லடாக் வரும். மகள் ஸ்ரீமதி கணக்குப் பரீட்சையில் குறைந்தால் லடாக் வரும். குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் வரும். பிரபுவுக்குப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. ஆள் வராத நேரத்தில், அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில், தனியாக மோட்டார் சைக்கிளில் பனிமலை ஏறுகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பான். பார்த்துப் பார்த்து ஒரு புல்லட் வாங்கினான். தலைக்கவசத்தில் கேமரா மாட்டினான். முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அத்தனையும் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவான்.

மறுநாள் குழாயடியில் நாகஜோதி என் குடத்துக்கு இடம் விட்டு நின்றாள்.

“அத்த, இந்தத் தடவ அவரு போயே ஆகணும்.”

“என்னடி இது? நேத்து நீதான மறிச்ச?”

“திங்கக்கிழமைக்கு மேலன்னுதான் சொன்னேன். சித்திரத் திருவிழாவுக்கு மதுரக் கடைக்குச் சேல போயாகணும். பாவு மட்டும் ஒழுங்காக் காஞ்சு தறியில ஏறிருச்சுன்னா, அப்புறம் அவரு லடாக் போகட்டும், நெலாவுக்கே போகட்டும். போயிட்டு வந்துட்டா அந்தப் பேச்சு வீட்ட விட்டு ஒழியும்ல? பத்தொம்பது வருசம் அத்த. அந்த ஊரு சக்களத்தி மாதிரி நடுவீட்ல உக்காந்துருக்கு. நான் எது செஞ்சாலும் அவளுக்குக் கீழதான்.”

“போகலன்னா?”

“போகலன்னா நான் சாகுற வரைக்கும் என்னாலதான் போகல.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கணவன் ஒரு முறை போய்விட வேண்டும்.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பாவு என்பது சேலையின் நீள இழைகள். அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, விடிந்தும் விடியாமலும் தட்டி நீவிக் காயவைக்க வேண்டும். பத்துப் பேர் கை வேண்டும், ஒரு சொட்டு மழை கூடாது. பாவு தெருவில் கிடக்கிறபோது கல்யாண ஊர்வலமே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போகும்.

பிரபு திங்கள்கிழமை வரை காத்திருக்கவில்லை. “வசந்தம் முடிஞ்சிரும்” என்று வெள்ளிக்கிழமையே நாள் குறித்துவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் நாகஜோதியின் அண்ணன் பொம்மையன். எங்கள் தெருவில் பாவு நீட்டுவதற்கு அவர்தான் முன்னால் நிற்கிற ஆள். கையில் ஒரு மஞ்சள் பை.

“மாப்ள, நாக்பூர் வழியாத்தான போற? என் மச்சினன் மகன் அங்கதான் வேல பாக்குறான். இந்தப் புளியக் குடுத்துரு.”

“மச்சான், இது சோலோ ரைடு. தனியாப் போகணும்.”

“புளி என்ன பேசவா போகுது? அதுபாட்டுக்கு வரும்.”

அடுத்து ஆனந்தமேரி டீச்சர்.

“தம்பி, ஆக்ராவுல எங்க அக்கா கன்னியாஸ்திரி மடத்துல இருக்காங்க. கைமுறுக்கு. ஒடையாமப் போகணும் பாத்துக்க.”

“டீச்சர், ரோடெல்லாம் குண்டுங்குழியுமா—”

“அதான் சொல்றேன். பைய ஓட்டு.”

விடிந்தபோது புல்லட் சீர் கொண்டுபோகும் வண்டி மாதிரி நின்றது. பின்னால் புளி, முறுக்கு, மோர்மிளகாய், யாரோ ஒரு பிள்ளைக்கு வசம்பு வளையல். இவற்றுக்கு நடுவே தனியாகப் போகிறவனுக்கு உட்கார ஒரு சாண் இடம் இருந்தது.

தெருவில் நாகஜோதியின் பாவு கிடந்தது. கஞ்சி தோய்த்து அரை மணிகூட ஆகவில்லை.

“அந்தப் பக்கமாச் சுத்திப் போ மாப்ள,” என்றார் பொம்மையன்.

“இல்ல மச்சான். எல்லாரும் பாவத் தூக்கிப் பிடிங்க. அடியில போறேன். வீடியோவுல நல்லா இருக்கும்.”

“ஏய், ஈரப் பாவுப்பா!”

“தூக்குங்கண்ணே,” என்றாள் நாகஜோதி. “போறவரு நல்லபடியாப் போகட்டும்.”

பத்துப் பேர் பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். வெள்ளை இழைகளின் பந்தலுக்கடியில், சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புல்லட் போனது. பிரபு எங்களைப் பார்த்துக் கையாட்டவில்லை. கேமராவைப் பார்த்து, “நண்பர்களே, எல்லைகளைத் தாண்டி ஒரு மனிதன்…” என்று சொல்லிக்கொண்டே போனான். அவனுடைய நண்பர்கள் என்றால் முக்கால்வாசி அவன் அக்கா மகள்கள்.

வண்டி தெருமுக்குக்கூடத் திரும்பவில்லை. என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

“அத்த, மேல இருந்து யாரும் தண்ணி ஊத்துறாங்களா?” என்று நாகஜோதி அண்ணாந்து பார்த்தாள். ஊற்றத்தான் செய்தார்கள். கால் மணி நேரம். கஞ்சி கரைந்து தெருவோடு பாலாக ஓடியது. பாவு ஒன்றோடொன்று ஒட்டி, ஆறிப்போன இடியாப்பம் மாதிரி கிடந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரபு வந்துவிட்டான்.

“எதுவரைக்கும் போன மாப்ள?”

“திண்டுக்கல் பைபாஸ். செம மழ. கேமரா நனஞ்சுருச்சு.”

“லடாக் அதத் தாண்டித்தான?”

பிரபு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் மறுபடி கிளம்பினான். வானம் துடைத்த கண்ணாடியாக இருந்தது. பொம்மையன் புதிதாகக் கஞ்சி காய்ச்சிப் பாவை மறுபடி நீட்டியிருந்தார். இந்தத் தடவை பிரபு சுற்றிக்கொண்டுதான் போனான். வேடசந்தூர் தாண்டியதும் ஆலங்கட்டி மழை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் இருந்தது. கேமராவில் பேசுவதற்காகத் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்ததால் மூக்குக்கு மட்டும் இல்லை. மூக்கு வீங்கித் திரும்பி வந்தான். முறுக்கு மாவாகி வந்தது. அதே மழை இங்கேயும் வந்து பாவைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது.

அதற்கும் அடுத்த தடவை அவன் எங்கும் போகக்கூட இல்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாசலில் வண்டியை உதைத்துச் சும்மா உறுமவிட்டான். கன்னிவாடி மலைப்பக்கம் ஒரு இடி இடித்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்கள்.

பங்குனியில் மழை பெய்வது புதிதா, போன வருடம் யார் வண்டியை எடுத்தார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். “அத்த, நீங்க சும்மா இருங்க” என்றுவிட்டார்கள்.

அன்றைக்கே பொம்மையன் நாலு பேரோடு வந்தார்.

“மாப்ள, சாவியக் குடு.”

“எதுக்கு?”

“நீ வண்டிய எடுத்தா மழ வருது.”

“மச்சான், இது மேலடுக்குச் சுழற்சி. நியூஸ்லயே சொன்னான்.”

“அந்தச் சுழற்சி உன் சைலன்ஸருக்குள்ளதான் இருக்கு. குடு சாவிய.”

“என் பயணத்தத் தடுக்குறீங்க. நான் ரெடியா நின்னேன், நீங்கதான் மறிச்சீங்க. ஞாபகம் வச்சுக்கங்க எல்லாரும்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் சாவி கைமாறிவிட்டது. அத்தனை சுருக்காக அவன் யாருக்கும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சுவர் வழியாகக் கேட்டது:

“பாத்தியா நாகு? நான் கெளம்பிட்டேன். உங்கண்ணன்தான் விடல. உங்க குடும்பமே—”

“அதுக்குள்ள எங்கண்ணனும் சேந்தாச்சா?” என்றாள் அவள். பிறகு பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான். நன்றாகத் தேய்த்தாள்.

சேதி பஸ்ஸில் ஏறிச் செம்பட்டிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் அதுவரை ஒரு தூறல் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் வந்து தெருமுனையில் நின்றது. இறங்கியவர் தென்னந்தோப்புக்காரர் தங்கமுத்து. வேட்டி மடிப்புக் கலையாத ஆள். கையில் ஒரு ஆளுயர மாலை.

“ஏம்மா, மழப் பிரபுங்குறது யாரு வீடு?”

பிரபு வாசலுக்கு வந்தான். பிறகு என்ன நினைத்தானோ, உள்ளே போய் முழங்கால் கவசத்தைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தான்.

“நான்தான்.”

“அய்யா, எங்க பக்கம் மண்ணு இரும்பாக் கெடக்கு. கோட உழவு ஓட்ட முடியல. தென்னயில மட்ட தொங்கிப் போச்சு. நீங்க வந்து நாலு சுத்து சுத்துனீங்கன்னா ஊரே கும்பிடும்.”

“நான் சோலோ ரைடர்ங்க. ஆர்டருக்கு ஓட்டுறதில்ல.”

“தெரியும்ங்கய்யா. நீங்க தனியாத்தான் ஓட்டணும். நாங்க பின்னால வருவோம்.”

“எம்புட்டுப் பேரு?”

“ஒரு அம்பது வண்டி வரும். தப்பா நெனைக்கக் கூடாது, டிராக்டரும் ரெண்டு வரும்.”

பிரபு வானத்தைப் பார்த்தான். நாகஜோதியைப் பார்த்தான். “லடாக் இருக்கு… ஆனா விவசாயின்னு வந்து நிக்கயில…” என்றான்.

பொம்மையன் வேட்டி முடிச்சிலிருந்து சாவியை எடுத்துத் தங்கமுத்து கையிலேயே கொடுத்தார்.

“கூட்டிட்டுப் போங்கண்ணே. திரும்பக் கொண்டாந்து விடணும்னு அவசரமே இல்ல.”

அதற்குள் நிலக்கோட்டையிலிருந்து பூ விவசாயி கண்ணன் பொம்மையனுக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

“அண்ணே, அந்த மழக்காரரு செம்பட்டிக்குப் போறாராம்ல? எங்க பக்கமா விட்ராதீங்க. மல்லி மொட்டு எடுக்குற நேரம். நனஞ்சாக் கறுத்துப் போகும். ஆத்தூர் வழியாப் போகச் சொல்லுங்க. அங்கயும் வண்டிய உருட்டிக்கிட்டுப் போனாருன்னா ரொம்ப உபகாரம்.”

கடைசியில் புல்லட்டை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். பிரபு முன் சீட்டில் மாலையோடு உட்கார்ந்துகொண்டான். எல்லைகளைத் தாண்டி ஒரு மனிதன்.

செம்பட்டியில் நடந்ததை அவன் தினமும் போனில் நாகஜோதியிடம் சொல்வான். அவள் தறியில் இருந்தபடி போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நானும் நூல் சுற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

முதல் நாள் குரலே வேறாக இருந்தது.

“நாகு, நாலு ரோடு முக்குல எனக்கு ஃப்ளெக்ஸ் வச்சுருக்காங்க. ‘மழையோடு வரும் மாவீரரே வருக’ன்னு. பின்னால பனிமல.”

“என்ன மல?”

“பனிமல. கம்ப்யூட்டர்ல சேத்தது. நான் அது முன்னால நிக்கிறேன்.”

இப்படியாக அவன் முதன்முதலில் லடாக் போய்ச் சேர்ந்தது அந்த ஃப்ளெக்ஸில்தான்.

“சாப்டீங்களா?”

“ஆட்டுக்கறி. கோழியும் இருந்துச்சு. தொட்டுக்க வெஞ்சனமே மூணு வகை.”

“மழ?”

“வரும். நாளைக்கு வரும்.”

இரண்டாம் நாள்.

“இன்னைக்கு எட்டு ஊரு சுத்துனேன். பின்னால எல்லா வண்டியும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஒரு பாட்டுக் கேக்க முடியல. ஒரு நிமிசம் தனியா விட மாட்டேங்குறாங்க.”

“சாப்டீங்களா?”

“முட்டக் கொழம்பு.”

“மழ?”

“மேகம் ஒண்ணு வந்துச்சு. நின்னு பாத்துச்சு. போயிருச்சு.”

இங்கே சின்னாளப்பட்டியிலும் மழை இல்லை. வெயில் சீராக விழுந்தது, காற்றும் தேவைக்கு மேல் வீசவில்லை. நாகஜோதியின் பாவு அப்பளமாகக் காய்ந்து தறியில் ஏறிவிட்டது. பொம்மையன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “நான் அப்பவே சொல்லல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் போன் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

“சாப்டீங்களா?”

“ம்.”

“என்ன போட்டாங்க?”

“ரசம்.”

“தொட்டுக்க?”

“அப்பளம். ஒண்ணு.”

நாகஜோதி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அத்த, ரசம் வந்துருச்சு. நாளைக்கு விட்ருவாங்க. நான் பையக் கட்டணும். துணைக்கு வாரீங்களா?”

“எங்கடி?”

“செம்பட்டிக்குத்தான். விட்டதும் நேரா வீட்டுக்கு வந்துருவாரு. வந்தா, செம்பட்டிக்காரங்களாலதான் போக முடியலங்குற பேச்சும் கூடச் சேரும். அங்கயே வச்சு அனுப்பிரணும்.”

காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டோம். அவள் மடியில் ஒரு பெரிய பை. மாற்றுத் துணி, மழைக்கோட்டு, தலைவலித் தைலம், புதிதாகச் சுட்ட முறுக்கு. ஜன்னல் வழியாக அவள் வானத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு நாளை நானும் பங்குனியில் கண்டதில்லை. மூடாக்குப் போட்டு வெயில் தெரியாமல், ஆனால் மழையும் இல்லாமல், தென்னை ஓலை அசைகிற அளவுக்கு மட்டும் காற்று. வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் போலிருக்கிறது.

நாலு ரோடு முக்கில் டீக்கடை வாசலில் பிரபு உட்கார்ந்திருந்தான். கையில் பன். பக்கத்தில் புல்லட். பின்னால் வந்த அம்பது வண்டியில் ஒன்றையும் காணோம். தங்கமுத்து மட்டும் மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் இருந்த இடத்தில் வெறும் சட்டம்தான் நின்றது.

“அது எங்கண்ணே?” என்றேன் நான்.

“அது… வைக்கப்போருக்கு மேல போத்திருக்கோம்மா. மழ கிழ வந்தா நனையக் கூடாதுல்ல.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பிரபு பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க பெரிய பயணம் போறவரு. எங்க சுயநலத்துக்கு உங்கள மறிச்சுப்புட்டோம். மன்னிக்கணும். டேங்க நெறச்சாச்சு. காத்துப் பாத்தாச்சு. இனி உங்கள இந்த ஊர்ல யாரும் ஒரு வார்த்த தடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

கும்பிட்டுவிட்டு அவர் தோப்பைப் பார்க்கப் போனார். மூன்று நாளைக்கு முன்னால் ‘அய்யா’ என்றவர்.

“நீ எதுக்கு நாகு வந்த?” என்றான் பிரபு.

“வழியனுப்ப.”

“எங்க?”

“லடாக்குக்குத்தான். வேற எங்க?”

பிரபு பன்னைக் கீழே வைத்தான்.

“பாவு?”

“தறியில ஏறிருச்சு. சேல நேரத்துக்குப் போயிரும்.”

“உங்கண்ணன் ஏதாச்சும் சொல்வாரே.”

“பை கட்ட ஒத்தாச பண்ணுனதே அண்ணன்தான். நனஞ்ச புளியக் காயவச்சு, உருண்ட புடிச்சு வச்சுருக்காரு.”

“கடை?”

“ஸ்ரீமதி பாத்துக்குறா. நேத்து ரெண்டு போனச் சரி பண்ணிட்டா. நீங்க ஆறு மாசமா வச்சிருந்த ரெண்டு.”

“அவளுக்குப் பரீட்சை…”

“முடிஞ்சுருச்சு. உங்களுக்குத் தெரியாது. நீங்க செம்பட்டியில இருந்தீங்க.”

பிரபு போனை எடுத்துத் தேய்த்தான். ஏதோ கிடைத்துவிட்டது போல நிமிர்ந்தான்.

“இங்க பாரு, லடாக்ல இன்னும் ரோடே தொறக்கலையாம். பனி மூடிக் கெடக்காம்.”

“நீங்க போயிச் சேரயில தொறந்துரும். ரெண்டு கெளம்பலுக்கு வேடசந்தூர் வரைக்கும் போயிருக்கீங்க. பனிக்கு நேரம் இருக்கு.”

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதைப் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாகஜோதி பையை வண்டியில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினாள். பாவு கட்டிப் பழகிய கை. முடிச்சு அசையவில்லை. இடுப்பிலிருந்து ரெண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று வைத்தாள். கேமராவை முந்தானையால் துடைத்தாள்.

பிரபு கவசங்களை ஒவ்வொன்றாக மாட்டினான். இடது முழங்கால். வலது முழங்கால். முதுகு. வார் சரியில்லை என்று கழற்றி மறுபடி மாட்டினான். தலைக்கவசத்தைப் போட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வடக்கே ஒட்டன்சத்திரம் ரோடு காலியாக, ஒரு லாரிகூட இல்லாமல், கருப்பாக நீண்டு கிடந்தது. திண்டுக்கல் ரோடும் அப்படித்தான். வண்டியை உதைத்தான். ஒரே உதையில் எடுத்துக்கொண்டது. அவன் கொஞ்சம் திடுக்கிட்டான் என்றே நினைக்கிறேன்.

எல்லாரும் மேலே பார்த்தோம். நான் பார்த்தேன், டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரபு ரொம்ப நேரம் பார்த்தான். அவ்வளவு ஆசையாக எந்த விவசாயியும் மேகத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஒரு சொட்டு விழவில்லை.

“போயிட்டு வாங்க,” என்றாள் நாகஜோதி.

“ம்.”

“போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. நானும் கேக்குறேன். இம்புட்டு வருசமா போகாமக் கெடந்த கதையத்தான் கேட்டிருக்கேன்.”

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

சின்னாளப்பட்டி பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் “ஏறுங்க, ஏறுங்க” என்று கதவைத் தட்டினார். நாகஜோதி என் கையைப் பிடித்து முதலில் என்னை ஏற்றிவிட்டாள். பிறகு தானும் படியில் கால் வைத்தாள்.

பிரபு வண்டியை அணைத்துவிட்டுத் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினான். வீக்கம் வடியாத மூக்கோடு, கேமராவுக்கு இல்லாமல், அவளைப் பார்த்துச் சொன்னான்:

“நாகு… நீ எப்பவும் சொல்லுவியே, ‘திங்கக்கிழம போங்க’ன்னு… அத ஒரே ஒரு தடவ சொல்லேன்.”